வாசலில் நின்ற தம்பி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை, அது முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி, அப்புறம் அசனப் பண்டிகைக்கான (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) கமிட்டி என்று வீடு வந்து சேரும்போது மணி ஒன்றேகால். மனைவி ஓய்வுநாள் பள்ளி டீச்சர். பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “இன்னைக்கு நீ அடுப்புப் பக்கமே போகாதே, ஓய்வுநாள்” என்று பெரிய மனசு பண்ணி, போனில் பிரியாணி ஆர்டர் போட்டேன்.

கொண்டு வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையை நீட்டியவன் கதவில் ஒட்டியிருந்த வாக்குத்தத்த வசனத்தைப் பார்த்துவிட்டு, “ஸ்தோத்திரம்ண்ணே” என்றான். ஊரைக் கேட்டால் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். இங்கே எந்தச் சபைக்குப் போகிறாய் என்றேன்.

“மூணு மாசமா எங்கயும் போகலண்ணே. ஞாயித்துக்கிழமைதான் ஆர்டர் ஜாஸ்தி. அன்னைக்கு லீவு போட்டா அந்த வாரக் காசே அடிபட்டுரும்.”

அதற்குள் அடுத்த ஆர்டருக்கு போன் கூவியது. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டான். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

“ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்க நினைப்பாயாக.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். (சனியா ஞாயிறா என்ற சண்டையை கமெண்ட்டில் ஆரம்பித்துவிடாதீர்கள், அதற்கு நான் வரவில்லை.) ஆனால் பத்துக் கட்டளைகளில் நாலாவதான அந்தக் கற்பனை அதோடு முடிவதில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஆடு மாடு என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பட்டியலின் கடைசி ஆள், ‘உன் வாசல்களில் இருக்கிற அந்நியன்’. அன்று மதியம் என் வாசலில் நின்றவன்.

பைபிளில் யாத்திராகமம் இந்தக் கற்பனைக்குச் சொல்லும் காரணம், கர்த்தர் ஆறு நாளில் எல்லாம் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் ஐந்தாம் அதிகாரத்துக்கு வந்தால் காரணமே மாறிவிடுகிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள். ஆராதனைக்கு மூன்று நாள் விடு என்று கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டி, செங்கலுக்குச் சேர்க்கும் வைக்கோலை நிறுத்திவிட்டு அதே கணக்குச் செங்கல் கேட்டவன் எகிப்து ராஜா பார்வோன். அந்தச் சூளையிலிருந்து தப்பி வந்த ஜனத்துக்குத்தான், உன் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்று சொல்லப்பட்டது. இத்தனை வருடம் இதை எனக்கு லீவு கொடுக்கிற வசனமாகவே படித்திருக்கிறேன். பாதிக்கு மேல் அது நான் கொடுக்க வேண்டிய லீவைப் பற்றியது.

இந்தியாவில் ஞாயிறு விடுமுறை, வெள்ளைக்காரன் சர்ச்சுக்குப் போவதற்காக விட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு அது சும்மா வரவில்லை. நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் வருடக்கணக்கில் கேட்டுப் போராடி, 1890 ஜூன் 10 அன்றுதான் கிடைத்தது. அவர் கிறிஸ்தவர் அல்ல, சாதியை எதிர்த்த ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் இயக்கத்துக்காரர். நாலாம் கற்பனையின் இந்தப் பாதியை, அதை மனப்பாடம் செய்யாத ஒருவர் செய்து காட்டியிருக்கிறார்.

1948 தொழிற்சாலைச் சட்டமே வாரம் ஒரு நாள் விடுமுறையைக் கட்டாயமாக்கியது. ஆனால் இந்தத் தம்பியைத் தொழிலாளி என்றே கணக்கில் சேர்ப்பதில்லை, ‘பார்ட்னர்’ என்கிறார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் போடுங்கள் என்று சொல்லவே தமிழ்நாட்டில் 2021இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. ஆராதனை முடிந்த கையோடு நாம் குடும்பமாகப் போய் நிற்பது அதே கடைகளில்தான்.

எங்கள் ஆச்சி ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக மாட்டாள், யாரையும் விடவும் மாட்டாள். சனிக்கிழமை சாயங்காலமே சாளை மீன் குழம்பு வைத்து, மண்சட்டியைத் துணி கட்டி மூடிவிடுவாள். மறுநாள் அந்தக் குழம்பின் மேல் எண்ணெய் திரண்டு நிற்கும். அதற்குச் சோறு மட்டும் வடித்தால் போதும். சின்ன வயதில் பழைய குழம்பா என்று முகம் சுளிப்போம். மட்டன் எடுத்து, மசாலா அரைத்து, பெண்கள் மூன்று மணி வரை புகையில் நிற்கிற இன்றைய ஞாயிறோடு பார்த்தால் ஆச்சி விவரமானவள். என்ன, அவளுக்குச் சனிக்கிழமை இரட்டை வேலை. அதை யாரும் பங்கு போட்டுக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

நான் ஆர்டர் போடாவிட்டால் அந்தத் தம்பிக்குக் காசு போகுமே என்று மனைவி கேட்டாள். சரியான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அவனுக்கு வேண்டியது காசு பிடிக்காத லீவு. நான் ஒருவன் பிரியாணியை விடுவதால் அது வந்துவிடாது.

இப்போதைக்குச் சனிக்கிழமை மீன் கழுவுவது நான். இரண்டு வாரம் குழம்பில் புளி தூக்கல், மூன்றாவது வாரம் பரவாயில்லை. கமிட்டியையும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இரண்டாம் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். மணி அடித்து, பெஞ்சு துடைத்து, நாங்கள் கலையும் வரை சாவியோடு காத்திருக்கிற அண்ணனும் அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போவார் இல்லையா?

“சனிக்கிழமை எல்லாருக்கும் வேலை இருக்குமே பிரதர்” என்றார் செயலாளர்.