என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2: இவ்வளவு நல்ல ஆட்டம், இவ்வளவு எரிச்சல்

கூடைப்பந்து வீடியோ கேம் என்றாலே இப்போது எல்லோரும் 'என்பிஏ 2கே' வரிசையைத்தான் சொல்கிறார்கள். வீரரின் நெற்றி வியர்வை வரைக்கும் அச்சு அசலாகக் காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தெருக் கூடைப்பந்தைச் சரியாகப் புரிந்துகொண்டு செய்த கேம் எது என்று என்னிடம் கேட்டால், 2003இல் பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ், கேம்கியூப் என்று மூன்று கன்சோல்களிலும் வந்த 'என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2' என்றுதான் சொல்வேன். என்னை அதிகமாகக் கடுப்பேற்றிய கேம் எது என்று கேட்டாலும் அதே பதில்தான். அந்த அருமைக்கும் இந்தக் கடுப்புக்கும் வேர் ஒன்று என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஆடாதவர்களுக்காக முதலில் விதிகள். அணிக்கு மூன்று பேர், முழு மைதானம். ஃபவுல் கிடையாது. இடிக்கலாம், தள்ளலாம், கீழே உருட்டிவிட்டுப் பந்தைப் பறிக்கலாம், யாரும் விசில் ஊதமாட்டார்கள். ரிங்கைச் சுற்றித் தரையில் வரைந்த வளைவுக்கு உள்ளிருந்து போட்டால் 1 புள்ளி, வெளியிலிருந்து போட்டால் 2. முதலில் 21 எடுப்பவர் ஜெயித்தார், ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் இருக்க வேண்டும். 20-20 ஆகிவிட்டால் அப்புறம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது.

இந்த 1, 2 கணக்கைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் உள்ளே 2, வெளியே 3. அதாவது தூரத்து ஷாட்டுக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு. இங்கே அது இரண்டு மடங்கு. அப்படியானால் எல்லோரும் வெளியே நின்று சுட்டுக்கொண்டே இருக்கலாமே என்று தோன்றும். ஒலிம்பிக்கில் வந்திருக்கும் 3க்கு 3 கூடைப்பந்திலும் இதே 1, 2 கணக்கு, இதே 21தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் லாட்வியா ஆண்கள் அணி தங்கம் வாங்கிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, தூரத்து ஷாட் அங்கே எவ்வளவு பெரிய ஆயுதம் என்று தெரியும். வால்யூம் 2 இதைச் சமாளித்த விதம்தான் அழகு. ரிங்குக்குக் கீழே போய்ச் செய்யும் அட்டகாசத்துக்கு வேறொரு கணக்கில் கூலி கொடுத்தது. அந்தக் கணக்கின் பெயர் கேம்பிரேக்கர்.

திரையில் ஒரு மீட்டர் இருக்கும். வித்தை காட்டினால் ஏறும், எதிரியின் ஷாட்டைக் காற்றிலேயே தடுத்தால் ஏறும், பந்தைப் பறித்தால் ஏறும். நிரம்பியதும் கேம்பிரேக்கரைப் பயன்படுத்தி ஒரு ஷாட் போடலாம். அது விழுந்தால் நமக்குப் புள்ளி கூடுவது மட்டுமில்லை, எதிரணியின் புள்ளியும் குறையும். அவசரப்படாமல் சேமித்து வைத்தால் மீட்டர் இரண்டாவது முறை நிரம்பும். அப்போது வரும் பெரிய கேம்பிரேக்கரில் மூன்று பேரும் பந்தை மாற்றி மாற்றி வீசி, காற்றிலேயே ஒரு கச்சேரி நடத்திவிட்டுத்தான் ரிங்கில் இறக்குவார்கள்.

எதிரியின் புள்ளியைக் குறைப்பது என்ன நியாயம் என்று கேட்பீர்கள். இதற்கு நியூயார்க்கின் ஹார்லெம் வரைக்கும் போக வேண்டும். 155ஆவது தெருவில் இருக்கும் ரக்கர் பார்க் தெருக் கூடைப்பந்தின் தலைநகரம் என்றே சொல்லலாம். ஹோல்கம்ப் ரக்கர் என்ற மாநகரப் பூங்காத் துறை ஊழியர் அந்தப் பகுதிப் பையன்களைத் திரட்டி நடத்திய போட்டிகள்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அவர் 1965இல் இறந்துபோனார். 1974இல் அந்த மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். வில்ட் சேம்பர்லின், ஜூலியஸ் எர்விங் போன்ற என்பிஏ பெருந்தலைகள் எல்லாம் அந்தப் போட்டிகளில் வந்து ஆடியிருக்கிறார்கள். 2011இல் என்பிஏ நட்சத்திரம் கெவின் டுரான்ட் அங்கே வந்து ஒரே ஆட்டத்தில் 66 புள்ளி எடுத்தார்.

அங்கே மைக் பிடித்தவர் மைதானத்துக்குள்ளேயே நடந்துகொண்டு வர்ணனை சொல்வார். ஆட்டக்காரருக்குப் பட்டப் பெயர் வைப்பவரும் அவர்தான். ஒருத்தர் க்ராஸ்ஓவர் போட்டு, அதாவது பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சட்டென்று மாற்றி, எதிரியைத் தடுமாற வைத்தால், ஷாட் விழுந்ததா இல்லையா என்று கூட்டம் பார்க்காது, எழுந்து உள்ளே ஓடி வந்துவிடும். ஸ்கோர் போர்டில் அது பதிவாகாது. ஆனால் அடுத்த நாள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. ஆட்டத்தில் ஜெயித்தவருக்கும் ஊரில் பெயர் வாங்கியவருக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். 'கோட்' (Goat) என்று அழைக்கப்பட்ட தெரு ஆட்டக்காரர் ஏர்ல் மானிகால்ட் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனால் ஹார்லெமில் அவர் பெயரை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

வால்யூம் 2 செய்த காரியம், அந்தப் பெயரையும் அந்த அவமானத்தையும் ஸ்கோர் போர்டுக்குள் கொண்டுவந்ததுதான். கூட்டத்தின் முன்னால் தலைகுனிந்தவன் உண்மையிலேயே ஏதோ ஒன்றை இழக்கிறான் அல்லவா? அதைப் புள்ளியாகவே குறைத்துக் காட்டியது. வேறெந்த விளையாட்டு கேமும் தன் விளையாட்டின் பண்பாட்டை இவ்வளவு துணிச்சலாக விதியாக்கி நான் பார்த்ததில்லை. வர்ணனைக்கும் நடிகர் யாரையும் பிடிக்காமல், நியூயார்க் தெரு மைதானங்களில் ஆடி வளர்ந்த டிஜே பாபிட்டோ கார்சியாவையே உட்கார வைத்தார்கள். அந்தக் குரல் இல்லாமல் இந்த கேமை என்னால் யோசிக்க முடியவில்லை. நிறைய ஆடினால் சொன்னதையே திரும்பச் சொல்கிறார் என்பது உண்மைதான், ஆனாலும் அந்தக் குரல் வேண்டும்.

இன்னொரு பெரிய பலம், வித்தைக்கு விலை இருந்தது. பிஎஸ்2 ஜாய்ஸ்டிக்கின் மேல்பக்கம் இருக்கும் நான்கு டர்போ பட்டன்களில் எதை, எத்தனையை அழுத்திக்கொண்டு டிரிக் பட்டனைத் தட்டுகிறோமோ, அதற்கேற்ப வித்தை மாறும். ஒன்றை மட்டும் பிடித்தால் எளிய அசைவு. இரண்டு மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் கால்களுக்கு நடுவே விட்டு, முதுகுக்குப் பின்னால் சுழற்றி, பந்தைத் தோளில் உருட்டும் ரகம். பெரிய வித்தைக்கு நேரம் அதிகம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்கப் பந்து எதிரிக்குத் திறந்து கிடக்கும். ஆலன் ஐவர்சனை எடுத்துக்கொண்டு எதிரே நிற்பவனை ஒரு க்ராஸ்ஓவரில் இடப்பக்கம் சாய வைத்தாயிற்று. அப்படியே புகுந்து போனால் 1 புள்ளி நிச்சயம். நிற்க வைத்து அவன் உடம்பிலேயே பந்தை எறிந்து திரும்பப் பிடித்தால் மீட்டர் ஏறும். ஆனால் பக்கத்தில் ஷாக்கில் ஓ'நீல் உதவிக்கு வந்துகொண்டிருக்கிறார். அரை நொடி பிந்தினாலும் பந்து போய்விடும், அது மட்டுமில்லாமல் அவர்கள் மீட்டர் ஏற ஆரம்பிக்கும். ஒவ்வொரு முறையும் கையில் பந்து வந்ததும் இந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும். ஆசைக்கும் புத்திக்கும் நடுவே ஆட்டக்காரனை இப்படி நிறுத்துவதுதான் நல்ல கேம் என்பேன்.

ஆட்களும் தாராளம். அன்றைய என்பிஏ அணிகள் ஒரு பக்கம். மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், பீட் மராவிச், எர்விங் என்று பழைய ஜாம்பவான்கள் இன்னொரு பக்கம். மைக்கேல் ஜோர்டானில்கூட இளம் வயது ஜோர்டான் தனி, கடைசியாக வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு ஆடிய ஜோர்டான் தனி. சேம்பர்லினையும் ஷாக்கையும் ஒரே ரிங்குக்குக் கீழே மோதவிட்டுப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே எத்தனையோ மதியங்கள் போயின.

சரி, இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

புள்ளியைக் குறைக்கும் அந்த விதி, ஜெயிக்கும் தறுவாயில் நம் கழுத்துக்கே கத்தியாகிறது. 18-13 என்று நிதானமாக முன்னேறி வந்திருப்போம். நல்ல தடுப்பு, பொறுமையான பாஸ், தேவையான இடத்தில் மட்டும் வித்தை. எதிரணி ஒரு பெரிய கேம்பிரேக்கரை இறக்கும். அடுத்த நிமிடம் ஸ்கோர் கிட்டத்தட்டச் சமம். ஒரு தடவை என் சித்தி மகன் இப்படி அடிவாங்கிவிட்டு, "ஏண்ணா, இவ்வளவு நேரம் நல்லா ஆடினதுக்கு இதான் பரிசா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. இரண்டு மனிதர்கள் எதிரெதிரே ஆடும்போதாவது இதைப் பொறுத்துக்கொள்ளலாம். அவனும் உழைத்துத்தானே மீட்டரை நிரப்பினான், நாம் பறித்திருக்க வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரோடு ஆடும்போதுதான் ரத்தம் கொதிக்கிறது. நாம் கொஞ்சம் முன்னே போனால் போதும், எதிரணி திடீரென்று வேறு அணியாகிவிடும். அதுவரை ரிங்கில் இடித்துக்கொண்டிருந்த ஷாட் எல்லாம் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். நம் ஆள் தனியாக நின்று போடும் ஷாட் வெளியே தெறிக்கும். பின்தங்கியவரைத் தூக்கிவிடும் இந்த ஏற்பாடு பல கேம்களில் உண்டு, ஆட்டம் கடைசிவரை விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று செய்வது. கார் பந்தயத்தில் இருந்தால் பெரிதாக உறுத்தாது. ஆனால் தெருக் கூடைப்பந்தின் மரியாதையே யாரும் யாரையும் தூக்கிவிடாததில்தான் இருக்கிறது. தோற்றவன் மைதானத்தை விட்டு வெளியே போய் அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டும், அதுதான் தெருச் சட்டம். கேம்பிரேக்கரைக் கண்டுபிடித்த அளவுக்குத் தெருவைப் புரிந்துகொண்டவர்கள், இதில் எப்படிச் சறுக்கினார்கள் என்றுதான் ஆதங்கம். கேம்பிரேக்கரில் நான் இழக்கும் புள்ளிக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது: யாரோ என்னை மிஞ்சினார்கள். இந்தத் தூக்கிவிடலில் இழக்கும் புள்ளிக்கு எந்த அர்த்தமும் இல்லை. அர்த்தமுள்ள இழப்பையும் அர்த்தமில்லாத இழப்பையும் ஒரே மேட்சில் கலந்து கொடுத்தால், ஆடுகிறவனுக்கு இரண்டின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

கூட ஆடும் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் பொறுப்பில்தான். அவர்கள் சில நேரம் ரிங்குக்குக் கீழே நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வெளியே வேடிக்கை பார்ப்பார்கள். 'பி எ லெஜண்ட்' பகுதியில், நாமே உருவாக்கிய ஆட்டக்காரனை ஊர் ஊராகக் கூட்டிப்போய்ப் பெயர் வாங்க வைக்க வேண்டும். யோசனை அருமை. ஓக்லாந்தின் மாஸ்வுட் போன்ற நிஜ மைதானங்கள் வேறு. ஆனால் தொடக்கத்தில் நம் ஆள் அவ்வளவு சோப்ளாங்கி, அவனைத் தேற்றுவதற்கு ஒரே மாதிரி ஆட்டங்களைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். நடுவில் விட்டுவிட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

இன்னொரு மனக்குறை. ஸ்ட்ரெட்ச், பிக்கி லிட்டில்ஸ், போனாஃபைட் என்று கற்பனைத் தெரு ஆட்டக்காரர்கள் இதில் உண்டு, நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரெட்ச்சின் தலைமுடியையும் நீளக் கைகளையும் பார்த்தால் இளவயது எர்விங் ஞாபகம் வரும். ஆனால் மானிகால்ட் இல்லை. என்பிஏ பெரியவர்களுக்கு இத்தனை இடம் இருக்கும்போது, தெருவிலேயே வாழ்ந்து தெருவிலேயே பெயர் எடுத்தவருக்கு ஒரு இடம் கொடுத்திருக்க வேண்டாமா? அவரைப் போன்றவர்கள் ஆடிக் காட்டிய வித்தைகள் மேல்தானே இந்த கேமே நிற்கிறது?

2005இல் மூன்றாவது பாகம் வந்தது. படம் இன்னும் பளிச்சென்று இருந்தது, நம் விருப்பப்படி மைதானத்தை அமைக்கலாம், கேம்கியூபில் மாரியோவும் லூயிகியும் பீச்சும்கூட வந்து ஆடினார்கள். ஆனால் வித்தைகளை வலது ஸ்டிக்குக்கு மாற்றிவிட்டார்கள். கட்டைவிரலைத் திருப்பினால் போதும், வித்தை கொட்டும். கற்றுக்கொள்ளச் சுலபம்தான், ஆனால் முன்பு சொன்னேனே, வித்தைக்கு ஒரு விலை, அது குறைந்துபோனது. எல்லோரும் எந்நேரமும் சுழன்றுகொண்டே இருந்தால் கூட்டம் எதற்கு எழுந்து நிற்கும்? 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிஎஸ்3க்கும் 'ஹோம்கோர்ட்' வந்தது. அதோடு வரிசை நின்றுவிட்டது. பிறகு 2017இல் வேறு நிறுவனத்திடமிருந்து 'என்பிஏ பிளேகிரவுண்ட்ஸ்' வந்தபோது ஆசையோடு போனேன். இரண்டுக்கு இரண்டு ஆட்டம், பரவாயில்லை. ஆனால் பிடித்த வீரர் வேண்டுமென்றால் கேமுக்குள்ளேயே வீரர் படம் போட்ட சீட்டுக் கட்டைப் பிரித்து அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியிருந்தது. ஜெயித்து ஒரு ஜாம்பவானைச் சம்பாதிப்பதும் சீட்டில் அவர் விழுவதும் ஒன்றா?

வால்யூம் 2ஐ இன்றைக்கு ஆட வேண்டுமானால் பழைய டிஸ்க்கும் பழைய பெட்டியும் வேண்டும். புதிய கன்சோல்களில் காசு கொடுத்து இறக்கிக்கொள்ள வழியில்லை. வீரர்களின் முகத்துக்கு ஒரு உரிமை, என்பிஏ சின்னங்களுக்கு ஒரு உரிமை, பாட்டுக்கு ஒரு உரிமை. எல்லாம் காலாவதி ஆகக்கூடியவை, மறுபடி வாங்கப் பணம் செலவாகும் என்பது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன். படத்தை மெருகேற்றக்கூட வேண்டாம். பாபிட்டோவின் குரலும் டர்போ பட்டன் வித்தைகளும் கேம்பிரேக்கரும் அப்படியே இருக்கட்டும். பின்தங்கிய அணியைத் தூக்கிவிடும் அந்த ஏற்பாட்டை அணைத்து வைக்க அமைப்புகளில் ஒரே ஒரு சுவிட்ச் வையுங்கள், மானிகால்ட் குடும்பத்திடம் அனுமதி கேட்டு அவரை ரக்கர் பார்க்கில் இறக்குங்கள். என்ன விலை வைத்தாலும் முதல் நாளே வாங்குவேன், சித்தி மகனுக்கும் சேர்த்து.