சிப்ஸ் பெட்டி விஷயமாக

சனிக்கிழமை ராத்திரி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை எல்லாரும் பார்த்தீர்கள். பெட்டி திறந்திருக்கிறது, பக்கத்தில் நான் உட்கார்ந்து போக்கர் சிப்ஸை, சீட்டாட்டத்தில் காசுக்குப் பதிலாக வைக்கிற அந்த வட்ட வில்லைகளை, துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கீழே "நகைப் பெட்டி வந்தாச்சு" என்று ஒரு வரி. அதற்கடியில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அன்றைக்கு நான் ஒன்றும் பதில் போடவில்லை. மூன்று நாள் மனசுக்குள் வைத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். போக்கர் சிப்ஸுக்குப் பெட்டி வாங்கினால் சின்னதாக, கெட்டியாக, உள்ளே ஒரு சிப்கூட அசையாதபடி வாங்க வேண்டும். அசையக் கூடாது, அவ்வளவுதான்.

நம்மிடம் இருக்கும் சிப்ஸ் ஒவ்வொன்றும் 11.5 கிராம். வெளியே பிளாஸ்டிக், எடைக்காக உள்ளே ஓர் உலோகத் தகடு. 300 சிப்ஸ் சேர்ந்தால் மூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கனம் பெட்டிக்குள் இங்கும் அங்கும் உருண்டால் என்ன ஆகும்? ஓரம் தேயும், நடுவில் ஒட்டியிருக்கும் வட்டத்தாள் உரியும். கார் பூட்டில் (பின்பக்கம் சாமான் வைக்கிற இடத்தில்) போட்டு, குலுக்குகிற லிந்தாங் ரோட்டில் ஒரு தடவை போய் வாருங்கள், உள்ளே சலங்கை கட்டி ஆடுவது போலச் சத்தம் கேட்கும்.

செட்டோடு வந்த அந்த அகலமான அலுமினியப் பெட்டியைத்தான் எல்லாரும் கெட்டி என்கிறீர்கள். நான் பிரித்துப் பார்த்தேன். அலுமினியம் மேலே ஒட்டிய மெல்லிய தகடு மட்டும்தான், உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கீல் ஆணி அந்தப் பலகையில்தான் இறங்கியிருக்கிறது. நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் பலகை ஊறி உப்பியது, ஆணி பிடி விட்டது. நடுவில் சீட்டுக்கட்டுக்கு என்று ஒரு பள்ளம் வேறு. சீட்டுக்கட்டை வெளியே எடுத்துவிட்டால் அந்த இடம் காலி, பக்கத்து வரிசை அதில் சரிந்து விழும்.

அதனால் அளவுகோலை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சிப் குறுக்கே 39 மில்லிமீட்டர். இருபதை அடுக்கினால் 66. ஐந்து அடுக்கு சேர்ந்தால் நூறு, அது ஒரு தட்டு. அப்படி மூன்று தட்டு, ஒன்றின் மேல் ஒன்று. மொத்தமும் ஒரு சப்பாத்துப் பெட்டி அளவுக்குள் அடங்கிவிடும். நாம் ஆறு பேர், ஆளுக்கு 50 சிப்ஸ், 300 போதும். 500 வைக்கிற பெட்டியை வாங்கிப் மீதியைக் காலியாக விட்டால் மறுபடியும் உருளத்தான் செய்யும். பழைய கேமரா வைக்கிற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இரும்புக் கடையில் கிடைத்தது. மூடியைச் சுற்றி ரப்பர் வளையம், இரண்டு பக்கமும் அழுத்திப் பூட்டுகிற கொக்கி. மூடினால் மேல் தட்டின் மீது மூடி சரியாக உட்காருகிறது. ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம் ஒன்றையும் உள்ளே போட்டிருக்கிறேன். விலை 85 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). விலையைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்கு: என் காசு, விடுங்கள்.

"ரொட்டி டின் போதாதா" என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

இன்னொருவர், "சூதாட்டச் சாமானுக்கு இவ்வளவு பூசையா" என்று போட்டிருந்தார். இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன். நாங்கள் காசு வைத்து ஆடுவதில்லை. ஒரு காசு கிடையாது. சிப்ஸ் எங்களுக்குப் புள்ளிக் கணக்கு, தோற்றவர் காப்பிக் கோப்பைகளைக் கழுவுவார். மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் சூதாட்ட இல்லச் சட்டம் இன்றும் நடப்பில் இருப்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தைப் பற்றி அறிவதற்கு முன்னாலேயே சீட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நான் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், சம்பள நாள் ராத்திரி லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் பாய் விரித்து ஆடுவார்கள். என் சித்தப்பா ஒரு மாதச் சம்பளத்தை அங்கேயே விட்டுவிட்டு, விடியும்வரை வீட்டுக்கு வரத் தைரியமில்லாமல் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார். சித்தி போய்க் கூட்டி வந்தார். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எங்கள் மேசையில் காசு வரக் கூடாது என்று முதல் நாளே சொன்னதும் நான்தான். என்னைச் சூதாடி என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

அப்பா பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கத்தி மொட்டையாக இருந்தால் பட்டை கிழியும். வெட்டு ஆழமாக இறங்கினால் மரத்தில் புண் விழும், அந்த இடத்தில் புதுப் பட்டை ஒழுங்காக வளராது, மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) ஏச்சு. அதனால் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தைத்து, கத்தி முனைக்கு அளவாக ஓர் உறை செய்து வைத்திருந்தார். உறைக்குள் கத்தி ஆடக் கூடாது. ஆடினால் பிரித்துவிட்டு மறுபடி தைப்பார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும், நாங்கள் தொடக் கூடாது. அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனைதான் (எண்ணெய்ப் பனை) நிற்கிறது, லயமும் இல்லை. கத்தி என் வீட்டில் இருக்கிறது, உறையோடு. கூர் இன்னும் போகவில்லை.

ஆகவே அந்தப் படத்துக்குக் கீழே வந்த "தோட்டத்துப் பையன் கசினோ முதலாளி ஆயிட்டான்" என்ற வரிதான் எனக்கு வலித்தது. நகைப் பெட்டி என்றதைக்கூட விட்டிருப்பேன். ஒரு சாமானை அளவெடுத்து வைப்பது பணக்காரப் பழக்கம் என்று யார் சொன்னது? அதை நான் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன். நம்மவர் ஒருவர் ஒரு பொருளை நன்றாக வைத்துக்கொண்டால் நமக்கே ஏன் பொறுக்க மாட்டேன் என்கிறது? நான் குடியிருக்கும் தாமானில் (குடியிருப்பில்) பக்கத்து வீட்டுச் சீனத் தவுக்கே (முதலாளி) மீன் தூண்டில் கொக்கிகளுக்கு அறை அறையாகப் பெட்டி வைத்திருக்கிறார். அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. என்னைப் பார்த்து, அதுவும் என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே, படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

கேலிதானே, நட்பில் இதெல்லாம் சகஜம் என்பீர்கள். சகஜம்தான். ஆனால் படம் போட்டவர் யார் என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முந்தின வாரம் செட்டை இரவல் வாங்கிப் போனவரும் அவர்தான். அலுமினியப் பெட்டி கீல் விட்டுத் திரும்பி வந்தது. சிப்ஸ் தனியாகப் பசார் மாலாம் (இரவுச் சந்தை) பிளாஸ்டிக் பையில் வந்தன. எண்ணிப் பார்த்தேன், 289. அன்றைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை, அந்த நேரத்தில் இதைப் போய்க் கேட்க மனசு வரவில்லை.

பெயர் சொல்லப் போவதில்லை. படத்தை எடுக்கச் சொல்லவும் இல்லை, இருக்கட்டும். அண்ணே, குறைவது பச்சை ஏழு, கறுப்பு நாலு. உங்கள் கார் பூட்டிலோ வீட்டு மேசை டிராயரிலோ கிடந்தால் சனிக்கிழமை எடுத்து வாருங்கள். மூன்றாம் தட்டின் கடைசி அடுக்கில் அந்தப் பதினோரு சிப்ஸுக்கு இடம் விட்டு, மற்றவை அசையாமலிருக்கத் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.