‘பெரிய குதிரை’யையும் பாருங்கள்

படங்களில் வரும் குதிரைகளைப் பற்றிய உங்கள் கட்டுரை, ஜெர்மன் ஓவியர் ட்யூரரின் 1513-ஆம் ஆண்டு ‘வீரன், மரணம், சாத்தான்’ படத்தில் வரும் குதிரையோடு நின்றுவிட்டது. சரி, அது கம்பீரமான குதிரைதான். ஆனால் என் மனதில் நிற்பது 1505-இல் அவர் செப்புத் தகட்டில் செதுக்கிய ‘பெரிய குதிரை’. அதைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கிறோம். கனத்த பின்னுடல் கண்ணெதிரே நிற்க, மற்றதெல்லாம் அதற்கு அப்பால் குறுகிப் போகிறது. தோலின் மினுமினுப்பு, தசையின் திரட்சி, எல்லாமே வெறும் கோடுகள்! அதே ஆண்டின் ‘சின்னக் குதிரை’ பக்கவாட்டில், அளவெடுத்து அமைத்த உடல்.

அப்புறம், ட்யூரரின் பட்டறையில் வேலை பார்த்த ஹான்ஸ் பால்டுங்கை விட்டுவிட்டீர்களே. 1534-இல் அவர் மரச்செதுக்கில் அச்சிட்ட மூன்று காட்டுக்குதிரைப் படங்களில் மரங்களுக்கு நடுவே குதிரைகள் வெறிகொண்டு முட்டி மோதுகின்றன. ட்யூரரின் குதிரைகளில் உள்ள அடக்கம் துளியும் இல்லை. அவற்றைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.