கணக்கெடுத்துப் போன பிள்ளைகள் திரும்பி வர வேண்டும்

போன வாரம் எங்கள் தெருவுக்கு மூன்று கல்லூரிப் பிள்ளைகள் கணக்கெடுக்க வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம். எதிர்வீட்டு அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வாயைத் திறக்கும் முன்பே அவராகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"வீட்டுல நாலு பேரு. கக்கூசு இருக்கு. கேஸ் இருக்கு. மாடு இல்ல, ஆடு ரெண்டு. எழுதிக்கிட்டியா தாயி? போன வருசம் வந்தவகளும் இதத்தான் கேட்டாக. அதுக்கு முந்தி வந்தவகளும் இதத்தான் கேட்டாக."

அந்தப் பெண் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினாள். எழுதி முடித்ததும் அப்பத்தா கேட்டார்: "அந்தக் கணக்கெல்லாம் எங்க தாயி போகுது?"

"எங்க காலேஜுக்குப் பாட்டி" என்றாள்.

"காலேஜுக்குப் போயி?"

அதற்கு அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் அப்பத்தாவின் கேள்வி நாலைந்து நாளாக என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லூரிகளின் சிறப்பு முகாம் எங்கள் ஊருக்கு வந்தால் பிள்ளைகள் தங்குவது எங்கள் பள்ளியில்தான். சாவியைக் கொடுத்தவள் நான். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரங்கட்டி, ஜமுக்காளம் விரித்து, மதியச் சாப்பாட்டுக்கு அரிசி அளந்தவர்களோடு கூட நின்றவள் நான். அதனால் வெளியே இருந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

நானே நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவள்தான். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் முகாம். 1982-இல் அப்படி ஒரு முகாமுக்குப் போனேன். நான் காரைக்குடி டவுனில் வளர்ந்தவள். வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் தண்ணீர். அந்த ஊரில் முதல் நாள் காலையில் என் வயதுப் பெண் ஒருத்தி, "தண்ணிக்கு வாரீகளா?" என்று கூப்பிட்டாள். இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடம். ஊருணிக்குப் போய் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவள் தினமும் மூன்று நடை போவாளாம். நான் ஒரு நடையில் பாதிக் குடத்தை வழியில் சிந்திவிட்டேன்.

பிறகு ஆசிரியையாகி, முதல் பீரியடுக்குத் தாமதமாக வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முக்கால் மணி நேரம் ஞாபகத்துக்கு வரும். "எத்தனை நடை போயிட்டு வந்த?" என்றுதான் முதலில் கேட்பேன். ஒரு பிள்ளையைக்கூட அதற்காக வெளியே நிறுத்தியதில்லை. எனக்கு அந்த முகாம் கற்றுக்கொடுத்தது அது. பி.எட். படிப்பில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

அதனால் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும். இப்போது வருவதைவிட அதிகமாக வர வேண்டும். வருகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், எங்கள் ஊரில் முகாம் போட்டது. ஏழு நாளில் துவக்க விழாவுக்கு ஒரு நாள் போயிற்று, நிறைவு விழாவுக்கு ஒரு நாள். நடுவில் இரண்டு நாள் சிறப்பு விருந்தினர்கள் பேசினார்கள். மீதி நாளில் கோயில் வாசலைச் சுத்தம் செய்தார்கள், கண்மாய்க் கரையில் நூறு மரக்கன்று நட்டார்கள். நட்ட ஒவ்வொரு கன்றுக்கும் போட்டோ. வேலி கிடையாது. யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்தக் கரை ஆடு மேய்கிற பாதை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். சித்திரை வெயிலுக்கு முன்பே ஆடுகள் முடித்துவிட்டன. அடுத்த வருடம் அதே கல்லூரி வேறு ஊருக்குப் போய்விட்டது. கன்று என்னவாயிற்று என்று பார்க்கக்கூட ஒருவரும் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் உண்மையாகவே வியர்வை சிந்தி உழைத்தார்கள், நான் பார்த்தேன். அந்த உழைப்பு வீணாகப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்றையும் பார்த்தேன்.

பொருளாதாரத் துறைப் பேராசிரியர் ஒருவர், பாடத்தின் பகுதியாகவே பதினைந்து பிள்ளைகளை அழைத்து வந்தார். முதல் நாள் படிவம் எதுவும் கொண்டுவரவில்லை. பள்ளி வாசலில் பெண்களை உட்கார வைத்து, கோலப்பொடியைக் கையில் கொடுத்து, "உங்க ஊரை வரைஞ்சு காட்டுங்கம்மா" என்றார். முதலில் சிரிப்பு. அப்புறம் ஒருவர் தெருவை இழுத்தார், இன்னொருவர் கோயிலை வைத்தார், ரேஷன் கடை வந்தது, பள்ளி வந்தது. ஊருணியைச் சதுரமாகப் போட்டவுடன் ஒரு அம்மா எழுந்து, அதன் மேற்கு மூலையிலிருந்து பனங்காடு வரைக்கும் குனிந்தபடியே பொடியை விட்டுக்கொண்டு போனார். "இதுதான் தண்ணி வார கால். இப்ப வாரதில்ல."

ஏன் வருவதில்லை என்று கேட்டால் ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில் மழை இல்லை என்றார்கள். அப்போது கூட்டத்தில் இருந்த ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "மழை இல்லைன்னா கண்மாயும் காஞ்சுல்ல கிடக்கணும்? கண்மாயில தண்ணி கிடக்கே." அவள் இளையான்குடிப் பக்கத்துப் பிள்ளை. அப்பா விவசாயி. மடை, கலுங்கு, வரத்துக்கால் எல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அதுவரை கல்லூரியில் அதை ஒரு அறிவாக யாரும் மதித்ததில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிக்கிறவர்கள். அவர்களிடம் போய், "கிராமத்தைப் போய்ப் பாருங்கள்" என்று ஒரு படிவத்தைக் கொடுத்து அனுப்பினால், அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் பையில் போட்டு மூடிவிட்டு, படிவம் கேட்பதை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். டவுன் பிள்ளைகளுக்குக் கிராமத்தைக் காட்டுவது என்ற நினைப்பிலேயே இந்தத் திட்டங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாதிப் பேருக்கு அது வீட்டுச் சங்கதி. அவர்களை முன்னால் நிறுத்தினால் மற்றவர்கள் அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்வார்கள்.

சரி, ஊருணிக்கு வருகிறேன். செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்கிற மழையைப் பிடித்து வைத்துத்தான் இங்கே ஊர் உண்டானது. வீட்டு முற்றத்தில் விழுகிற தண்ணீருக்கு அண்டா, வயலுக்குக் கண்மாய், குடிப்பதற்கு ஊருணி. வரத்துக்கால் ஒரு இடத்தில் அடைத்தாலும் ஊருணி வெறும் பள்ளம்தான். அந்தப் பிள்ளைகள் வரத்துக்கால் போகும் வழியைத் தேடிக்கொண்டே நடந்தார்கள். சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து, கையில் கீறலோடு வந்து நின்ற இடம் எங்கள் ஊர்த் தார் ரோடு. ரோட்டை இரண்டு தடவை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள், அடியில் குழாய் வைக்கவில்லை. எங்கள் ஊர்க் கொத்தனார் ஒருவர், மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபைக் கொண்டுவந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு முனையை மாணவி பிடிக்க, மறுமுனையை அவர் பிடிக்க, ரோடு காலின் தரையைவிட ஒன்றேகால் அடி உயரம் என்று தெரிந்தது. நாங்கள் தினமும் அந்த ரோட்டில்தான் நடந்தோம். எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். கோல வரைபடத்தைப் பெரிய சார்ட்டில் வரைந்து, அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுவந்தார்கள். கண்டுபிடித்ததைத் தமிழில், எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "தெற்குக் காலுன்னு போட்டிருக்கீகளே, அது மாட்டு வண்டிப் பாதை தம்பி. கால் அதுக்கு வடக்கால ஓடுது" என்றார். அந்தப் பையன் அங்கேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினான். ஒரு கல்லூரி மாணவனின் வேலையை ஒரு விவசாயி திருத்துவதையும், அதை அவன் ஏற்றுக்கொள்வதையும் என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். தீர்மானம் போட்டோம். ரோட்டுக்கு அடியில் குழாய் வர ஒன்றரை வருடம் ஆனது. அந்தப் பேராசிரியர் அதோடு நிற்காமல் மூன்று வருடம் தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு வருடமும் புது மாணவர்கள், ஆனால் முந்தின வருடத்து நோட்டு அவர்கள் கையில் இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வடக்குக் கால் இன்னும் அடைபட்டே கிடக்கிறது, அதன்மேல் கட்டடம் இருக்கிறது. ஆனால் மேற்குக் காலில் தண்ணீர் வருகிறது.

இது ஒரு நல்ல மனிதரின் தனி முயற்சியாக இருக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டுக்கென்றே 2 கிரெடிட் பாடத்துக்கு வழி சொல்லியிருக்கிறது. 30 மணி நேரம், அதில் பாதிக்குக் குறையாமல் களத்தில். 2014-இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் என்ற மத்திய அரசுத் திட்டம், ஒரு கல்வி நிறுவனம் ஐந்து கிராமங்களைத் தேர்ந்து அவற்றோடு வேலை செய்ய வேண்டும் என்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில், காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே கிராமத்தில் போய்த் தங்குவது படிப்பின் பாகம். அமெரிக்காவில் 1985-இல் பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடி, மாணவர்களின் பொதுப்பணிக்காகக் கேம்பஸ் காம்பாக்ட் என்று ஒரு கூட்டமைப்பையே தொடங்கினார்கள். அதே 1985-இல்தான் நம் அழகப்பா பல்கலைக்கழகமும் உருவானது.

ஆனால் நம் ஊருக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில், கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் பேச, அங்கேயே எழுந்து காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்றவர் அழகப்பச் செட்டியார். அந்த ஆகஸ்டிலேயே காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கும் முன்பே வியாபாரத்தில் வந்ததில் மகமை எடுத்து வைத்துப் பள்ளிக்கூடமும் ஊருணியும் வெட்டிய ஊர்கள் இவை. ஊர் கொடுத்து வளர்ந்த கல்வி இது. அந்தக் கல்வி ஊருக்குள் வரும்போது விருந்தாளியைப் போல வந்து போகக் கூடாது.

கல்லூரி நடத்துகிறவர்களிடமும் ஆசிரியர்களிடமும் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு ஊரை எடுத்தால் மூன்று வருடமாவது அதே ஊருக்கு வாருங்கள். எடுத்த கணக்கைத் தமிழில் எழுதி ஒரு பிரதியைப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ வைத்துவிட்டுப் போங்கள். எங்கள் ஊரைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் பைண்டு செய்து கல்லூரி பீரோவில் கிடந்தால் எங்களுக்கு என்ன பிரயோசனம்? மதிப்பெண் போடும்போது ஊர்க்காரர் இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகளை அழைத்து வருகிற ஆசிரியருக்கு அந்த மணி நேரத்தைப் பாட வேளையாகக் கணக்கில் வையுங்கள். இப்போது அவர்கள் சொந்த ஞாயிற்றுக்கிழமையையும் சொந்தப் பெட்ரோலையும் போட்டுத்தான் வருகிறார்கள். ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வந்தால் டீ கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், "போன தடவை எடுத்தது எங்கே?" என்று அப்பத்தா மாதிரி கேளுங்கள்.

அன்றைக்கு அந்த மூன்று பிள்ளைகளையும் நான் பள்ளிக்கு அழைத்துப் போனேன். அந்தச் சார்ட் இன்னும் ஐந்தாம் வகுப்பு அறையில்தான் மாட்டியிருக்கிறது. ஓரம் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, தெற்குக் கால் அடித்துத் திருத்தியபடியே இருக்கிறது. அந்தப் பெண் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை நாங்க தொடரலாமா டீச்சர்?" என்று கேட்டாள். வடக்குக் காலைக் காட்டினேன்.

மார்ச் 22 கிராம சபைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பத்தாவிடம் தேதியைச் சொல்லி வைத்திருக்கிறேன்.