கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவில் கார் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் கார் இன்ஷூரன்ஸ் பற்றி இதைச் சொல்லிவிடுகிறேன். இன்று இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு வருடம் முன்பு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஃப்ரீமான்ட் பக்கம் 880 நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்த சாயங்காலம். பின்னால் வந்தவர் பிரேக் பிடிக்கவில்லை. அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தவறு முழுக்க இடித்தவருடையதுதான், ஆனால் அவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லை. வழக்குப் போட்டாலும் வாங்குவதற்கு அவரிடம் எதுவும் இல்லை.

அன்று ராத்திரிதான் என் பாலிசியை முழுதாகப் படித்தேன். ‘அன்இன்ஷூர்டு மோட்டரிஸ்ட்’ என்று ஒரு வரி. இன்ஷூரன்ஸ் இல்லாதவர் இடித்தால், நமக்கும் நம் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஏற்படும் காயத்துக்கு நம் கம்பெனியே பணம் தரும் பகுதி அது. இடித்துவிட்டு ஓடிப்போனவருக்கும் சேர்த்துத்தான். இந்த மாநிலச் சட்டப்படி கம்பெனி அதை நமக்குக் கொடுக்க முன்வந்தே ஆக வேண்டும். வேண்டாமென்றால் நாம்தான் எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நான் போட்டுத் தந்திருந்தேன். ஆன்லைனில் எதை நீக்கினால் விலை குறையும் என்று பார்த்தபோது முதலில் நீக்கியது அதைத்தான். மிச்சமானது மாதம் சில டாலர். அம்மாவின் பயண இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக மீதி ஆஸ்பத்திரி பில்லை ஒன்றரை வருடம் கட்டினேன்.

“நான் ஃபுல் கவரேஜ் எடுத்திருக்கேன்” என்பார்கள் நண்பர்கள். பெரும்பாலும் அது காரின் தகரத்துக்கு. உள்ளே உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையோ அடுத்தவருக்கு நாம் செய்யும் சேதத்துக்கு மட்டும்தான். 1967-இலிருந்து ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர், ஒரு விபத்துக்கு 30,000, பொருள் சேதத்துக்கு 5,000 என்றே கிடந்தது. 2025 ஜனவரி 1 முதல்தான் 30,000, 60,000, 15,000. 2035-இல் இன்னும் கூடும். பிரீமியம் ஏறிவிட்டது என்று எல்லோருக்கும் வருத்தம், எனக்கும்தான். ஆனாலும் இந்த உயர்வு வேண்டியது என்றே சொல்வேன். இன்றைய ஆஸ்பத்திரிச் செலவில் 15,000 எந்த மூலைக்கு?

செலவைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. 1988-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 103-ஆம் தீர்மானப்படி, இங்கே பிரீமியத்தில் முதலிடம் நம் ஓட்டும் வரலாறு, வருடத்துக்கு ஓட்டும் மைல், ஓட்டிய அனுபவம் ஆகியவற்றுக்குத்தான். கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கக் கூடாது. புதிதாக வந்த நம்மவர்களுக்கு இது பெரிய உதவி. நல்ல ஓட்டுநருக்கு 20 சதவீதம் தள்ளுபடி தந்தாக வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்கிறீர்களா? குறைந்த மைல் கணக்கைச் சொல்லுங்கள். காரின் டிடக்டபிளை, அதாவது ரிப்பேர் செலவில் முதலில் நம் கையிலிருந்து கட்டும் தொகையை, ஏற்றுங்கள். அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்றைக்கே உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தை எடுங்கள். அந்த வரியில் ‘ரிஜெக்டட்’ என்று இருந்தால் நாளைக்கு ஏஜெண்டைக் கூப்பிடுங்கள். பாலிசி முடியும்வரை காத்திருக்க வேண்டாம், நடுவிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.