எட்டாவது இன்னிங்ஸோடு நிறுத்தியதுதான் சரி

ஜப்பானின் சிபா லோட்டே பேஸ்பால் அணியில் பந்து வீசிய ரோகி சசாகியின் 2022 ஏப்ரல் 10 ஆட்டத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. சிபா கடலோர மைதானம். எதிரே முந்தைய வருஷத்து பசிபிக் லீக் சாம்பியன் ஓரிக்ஸ். சசாகிக்கு வயது 20. பந்தைப் பிடித்த கேட்சர் மட்சுகாவாவுக்கு 18. பள்ளி முடித்துவிட்டு நேராக வந்த பையன்.

ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; மட்டை பிடித்து வந்த 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸில் கால் வைக்கவில்லை. 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். அதில் 13 தொடர்ச்சியாக! ஜப்பானில் அதுவரை தொடர்ச்சியாக 9 பேர், அமெரிக்க மேஜர் லீகில் 10 பேர், அவ்வளவுதான் சாதனை. பெர்ஃபெக்ட் கேம் என்றால் ஹிட் கிடையாது, வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கிடையாது, ஃபீல்டர் கைதவறி விட்ட பந்துகூடக் கிடையாது. ஜப்பானில் 1994-க்குப் பிறகு யாருக்கும் அது வாய்க்கவில்லை.

160 கிலோமீட்டரைத் தாண்டும் ஃபாஸ்ட்பால். அதே கைவீச்சில் ஒரு ஃபோர்க் பால். நேராக வருவதுபோல வந்து, மட்டை சுழலும் நேரத்தில் முழங்காலுக்குக் கீழே விழுந்துவிடும். ஸ்ட்ரைக் அவுட் ஆவதே அபூர்வமான ஓரிக்ஸின் யோஷிதா மசடாகா அன்றைக்கு மூன்று முறை அப்படியே திரும்பிப் போனார். மொத்தம் 105 பந்துகள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. எதிரணி நிப்பான்-ஹாம். எட்டு இன்னிங்ஸ், 24 பேர், மறுபடியும் ஒருவர்கூட பேஸ் ஏறவில்லை. 14 ஸ்ட்ரைக் அவுட், 102 பந்துகள், ஸ்கோர் 0-0. மேனேஜர் இகுச்சி அவரை எடுத்துவிட்டார். பத்தாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன், லோட்டே 1-0 என்று தோற்றது. தொடர்ந்து இரண்டு பெர்ஃபெக்ட் கேம், உலகத்தில் யாரும் செய்யாததைத் தடுத்துவிட்டார்களே என்று எனக்கும் அன்று வயிறு எரிந்தது.

இப்போது யோசித்தால் இகுச்சி செய்ததுதான் சரி. ஒன்பதாவதை முடித்திருந்தாலும் ஸ்கோர் 0-0தான். ஆட்டம் முடியாதவரை பெர்ஃபெக்ட் கேம் கணக்கில் வராது. பத்தாவதுக்கும் அந்தக் கையையே கேட்டிருப்பார்கள். முந்தைய வாரம்தான் அவர் தொழில்முறை ஆட்டத்தில் முதன்முதலாக ஒன்பது இன்னிங்ஸ் முழுதாக வீசியிருந்தார்.

இந்தக் கையை முதலில் காப்பாற்றியவர் சசாகி படித்த ஒஃபுனாட்டோ பள்ளியின் பயிற்சியாளர். 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் பறிகொடுத்த பையன், பெரிய பள்ளிகள் கூப்பிட்டும் போகாமல், கூட வளர்ந்த நண்பர்களோடு ஆட அங்கே சேர்ந்தான். 2019 ஜூலையில் ஒரே ஆட்டத்தில் 194 பந்து வீசினான். அரையிறுதியில் 129. மறுநாள் மாகாண இறுதிப் போட்டி; ஜெயித்தால் 35 வருஷம் கழித்து அந்தப் பள்ளி கோஷியென் என்ற தேசியப் பள்ளித் தொடருக்குப் போகும். பயிற்சியாளர் அவனை இறக்கவே இல்லை. 12-2 என்று தோற்றார்கள். பள்ளிக்குத் தொலைபேசியில் வசவு குவிந்தது.

1998-இல் மட்சுசாகா என்ற பள்ளி மாணவன் ஒரே ஆட்டத்தில் 250 பந்து வீசியதை வீரகாவியமாகக் கொண்டாடிய நாடு அது. 2018-இல் யோஷிதா கோசெய் என்ற பள்ளிப் பையன் ஒரே கோஷியென் தொடரில் 881 பந்து வீசினான். வாரத்துக்கு 500 பந்து என்ற வரம்பு 2020-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் நின்று வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஏப்ரல் 10-இன் 105 பந்துகளில் அந்த மனிதருக்கும் பங்கு உண்டு என்று மனதார நம்புகிறேன்.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தும் 2025-இல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனதும் தோள்பட்டை மக்கர் செய்து மாதக்கணக்கில் உட்கார்ந்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். அந்த வேகத்துக்கு எந்தத் தோளும் உத்தரவாதம் தராது. அதற்காக 17 வயதிலேயே தேய்த்து முடித்திருக்கலாம் என்று ஆகிவிடுமா?

அந்த அக்டோபரில் பிலடெல்பியாவுக்கு எதிரான பிளேஆஃபில் எட்டாவது இன்னிங்ஸில் மவுண்ட் (பந்து வீசும் மேடு) ஏறினார். எட்டு, ஒன்பது, பத்து. ஒன்பது பேர் வந்தார்கள், ஒன்பது பேரும் திரும்பிப் போனார்கள். பதினொன்றாவதில் டாட்ஜர்ஸ் ஜெயித்தது.