இரண்டு நொடியில் நகர்ந்துபோன ஸ்லைடு

சென்ற வாரம், மருத்துவர்கள் தங்கள் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளும் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் நான் மிகவும் மதிக்கும் மூத்த மருத்துவர். இரண்டாவது ஸ்லைடில் பொடி எழுத்தில், அவருக்குப் பண உறவுள்ள பதினொரு நிறுவனங்களின் பெயர்கள்; எதிரே ஆலோசகர், உரையாளர், ஆய்வு நிதி என்ற குறிப்புகள். "இது வழக்கமான சம்பிரதாயம்" என்று சொல்லி நகர்த்திவிட்டார். மூன்றாவது பெயரைக்கூட நான் படித்து முடிக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, ஒரு புதிய மருந்தை முதல் தேர்வாகவே கொடுக்கலாம் என்றார். கேள்வி நேரத்தில் எழுந்து, அதைத் தயாரிக்கும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இருந்ததா என்று கேட்டேன். ஸ்லைடைத் தேடிப் பின்னுக்குப் போனார். ஏழாவது வரியில் இருந்தது.

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தாம் நம்புவதைத்தான் சொன்னார். சிக்கலே அங்குதான் இருக்கிறது. மருந்து நிறுவனங்களின் செலவில் கருத்தரங்குக்குப் போய்வந்த மருத்துவர்களைப் பற்றி 1992இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இந்தப் பயணம் தாங்கள் மருந்து எழுதுவதைப் பாதிக்காது என்றே அவர்களில் பெரும்பாலோர் முன்கூட்டிச் சொன்னார்கள். திரும்பி வந்தபின் மருத்துவமனைப் பதிவேடுகளைப் பார்த்தால், அந்த மருந்துகளின் பயன்பாடு நன்றாகவே ஏறியிருந்தது.

சரி, உறவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதாதா? 2005இல் கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் ஆகிய ஆய்வாளர்கள் மூவர் வெளியிட்ட பரிசோதனை என்னை உலுக்கியது. ஒரு ஜாடி நிறைய நாணயங்கள். அருகிலிருந்து பார்த்தவர், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மதிப்பைச் சொல்ல வேண்டும். கேட்பவர் எவ்வளவு கூட்டி மதிப்பிடுகிறாரோ அவ்வளவு பணம் சொல்பவருக்கு. இந்த ஏற்பாட்டைக் கேட்பவரிடம் தெரிவித்தபோது, சொன்னவர்கள் தொகையை இன்னும் ஏற்றிச் சொன்னார்கள்! அதுதான் சொல்லியாகிவிட்டதே என்று மனம் தன்னை அவிழ்த்துவிட்டுக்கொள்கிறது. கேட்டவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். தேவையான அளவுக்குக் குறைக்கவில்லை.

அமெரிக்காவில் தொடர் மருத்துவக் கல்விக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2020இல் வெளியிட்ட விதிகள் ஓரளவு உருப்படியானவை. நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பவர்கள், கடந்த 24 மாதங்களில் மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்கள் போன்றவற்றோடு இருந்த பண உறவுகள் அனைத்தையும், தொகை எவ்வளவு சிறியதானாலும், அமைப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். பாடத்தோடு தொடர்புள்ள உறவுகளை அமைப்பாளர் முன்கூட்டியே ஆராய்ந்து, அவற்றின் தாக்கத்தைத் தணித்த பிறகே நிகழ்ச்சி நடக்க வேண்டும். ஆனால் கேட்பவர்களிடம் தொகையைச் சொல்லும்படி அது கட்டாயப்படுத்தவில்லை. ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் வாங்கிய ஆலோசனைக் கட்டணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் எதை எடைபோடுவது? இத்தனைக்கும், நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுத்த தொகை அந்நாட்டில் 2014 முதல் அரசின் பொதுத் தரவுத்தளத்தில் பெயரோடு கிடைக்கிறது. ஊருக்கே திறந்திருக்கும் விவரம் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டாமா? மறுநாள் மருந்துச் சீட்டு எழுதப்போகிறவர் அவர்தானே.

நான் கேட்பது அதிகமில்லை. ஒரு மருந்தைப் பரிந்துரைக்கும் அதே ஸ்லைடில், அதன் நிறுவனத்தோடு உள்ள உறவையும் தொகையையும் எழுதுங்கள், வாய்விட்டும் சொல்லுங்கள். உறவு மிக நெருக்கமானது என்றால், அந்த மருந்தைப் பற்றி வேறொருவர் பேசட்டும்.

அடுத்த கூட்டத்தின் அமைப்புக் குழுவில் நான் இருக்கிறேன். பேச ஒப்புக்கொண்ட மூவரிடமும் இதை எழுதிக் கேட்டேன். இருவர் அன்றே அனுப்பிவிட்டார்கள். மூன்றாமவருக்கு இன்று காலை மீண்டும் எழுதியிருக்கிறேன்.